இருபத்தேழு டிகிரி

ஆக்லாந்தில் பதினெட்டு வருடமாக டைல் பதிக்கிறேன். அதில் பாதிக்கு மேல் பணக்காரர் வீட்டுக் குளியலறைகளில் முழங்காலில் நின்றே கழிந்தது. அவர்களுக்குக் கால் குளிரக்கூடாது. டைலுக்குக் கீழே கரண்ட் கம்பி ஓடும் வலையை விரித்து, அதன்மேல் சாந்தை ஊற்றி மட்டம் பார்த்து, அது காய்ந்தபின் டைலை ஒட்டிக் கொடுப்பேன். விடிய எழும்பி மூத்திரம் பெய்யப் போகிற மனுசனுக்கு நிலம் இளஞ்சூடாக இருக்கும். சிலர் மாதக்கணக்கில் ஐரோப்பாவுக்குப் போனாலும் அதை அணைத்துவிட்டுப் போவதில்லை. வெறும் வீட்டில் வெறும் நிலம் சூடாகிக்கொண்டிருப்பதைச் சுவரில் உள்ள சூட்டுப் பெட்டியில் பார்த்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

எங்கள் வீடு கிளென்ஃபீல்டில். அறுபது வருடப் பழசான பலகை வீடு. தளமும் பலகைதான், அதற்குக் கீழே வெறும் காற்று. குளிர்காலத்தில் ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கத்தில் தண்ணீர் வழியும், அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும். இந்த ஊர்க்காரர் இதையெல்லாம் ஒரு குறையாகச் சொல்லமாட்டார்கள். இன்னொரு ஸ்வெட்டரைப் போடு என்பார்கள்.

என் மனைவி மாகிரட் அதற்கு மேலும் ஒரு படி போனவள். இரண்டு ஸ்வெட்டர், இரண்டு சோடி காலுறை. பக்கத்து முதியோர் இல்லத்தின் துணி தோய்க்கும் பகுதியில் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டு மற்றவர்களின் படுக்கை விரிப்புகளை மடித்துவிட்டு வருவாள். வந்ததும் சோபாவில் இருந்து, கால் இரண்டையும் கையால் பிடித்துத் தேய்ப்பாள். பன்னிரண்டு வருடமாக அவளுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு.

"ஐஸ் தண்ணிக்கை நிக்கிறமாதிரி இருக்கு" என்பாள். ஒவ்வொரு மாலையும் அதே வசனம்.

குளிரைக்கூட அவள் தாங்கியிருப்பாள். அவளுக்குத் தாங்காதது வேறு. மன்னாரில் முருங்கனில் அவள் வீட்டில் எல்லோரும் நிலத்தில் உட்கார்ந்துதான் மாலைச் செபமாலை சொன்னார்கள். இங்கே வந்தும் அப்படித்தான். ஹாலின் மூலையில் மடுக் கோயில் மாதாவின் சின்னச் சுரூபம், அதற்கு முன்னால் நிலத்தில் இவள். இரண்டு வருடமாகக் குளிர் அவளைச் சோபாவில் ஏற்றிவிட்டது.

"கதிரையில இருந்து மாதாவோட கதைக்கிறது, கந்தோரில மனுக் குடுக்கிறமாதிரி இருக்கு. செபிச்சமாதிரியே இல்லை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஊரெல்லாம் நிலத்தைச் சூடாக்குகிறவன் நான். என் வீட்டு நிலம் ஐஸ். ஏப்ரலில் முடிவெடுத்தேன்: ஜூன் இருபத்து மூன்றாம் தேதி மடுத் திருவிழாவின் ஒன்பது நாள் நவநாள் செபம் தொடங்குவதற்கு முன்னால், மாகிரட் திரும்ப நிலத்தில் இருக்கவேண்டும்.

ஹாலைக் காலி பண்ணி, பழைய கம்பளத்தைக் கிழித்து எறிந்து, பலகையின்மேல் குளிர் தடுக்கும் அட்டைகளைப் பதித்தேன். வலையை நானே விரித்தேன். வலையை வெட்டலாம், கம்பியை வெட்டக்கூடாது; மூலைக்கு மூலை திருப்பித் திருப்பிக் கொண்டுபோகவேண்டும். சுரூபம் இருக்கும் மூலையில் கம்பியைக் கொஞ்சம் நெருக்கமாகவே ஓடவிட்டேன். அது சரியான முறை இல்லை என்று எனக்குத் தெரியும். வேறு ஆள் வீடென்றால் செய்திருக்கமாட்டேன். அவள் இருக்கிற இடம் என்பதற்காகச் செய்தேன். டைல் மூன்று வீடுகளில் மிஞ்சியது, மூன்று சாம்பல் நிறம். மாகிரட்டுக்கு அது பிடித்துப்போனது. "கடல் மாதிரி இருக்கு" என்றாள்.

கரண்ட் இணைப்பை நான் தொடக்கூடாது, அதற்கு லைசன்ஸ் வேண்டும். கெல்வினைக் கூப்பிட்டேன். கெல்வின் எங்கள் பங்குக் கோயில் ஆள், நாவாந்துறைப் பெடியன். பெடியன் என்றாலும் நாற்பது வயது. பத்து வருடமாக என் வேலைகளுக்கெல்லாம் எலெக்ட்ரீஷியன் அவன்தான். இரண்டு பேரும் சேர்ந்து செய்யும் வேலையில் சண்டை வராத நாள் குறைவு, பிழை வந்த நாள் இல்லை.

சுவரில் சூட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டியைப் பொருத்திவிட்டு, கூட வந்த புத்தகத்தைப் புரட்டினான்.

"யூட் அண்ணை, அக்காவுக்குச் சீனி எல்லே. கால்ல உணர்ச்சி இருக்கோ? இதில கேட்டிருக்கிறாங்கள்."

"அவவுக்குக் கால் குளிருதெண்டு உயிர் போகுது. உணர்ச்சி இல்லாமலோ குளிரும்? விசர்க்கதை கதையாதை."

அவனும் சிரித்தான். நியாயமான பதில்தான் என்று அவனுக்கும் பட்டிருக்கும். எனக்கு இன்றைக்கும் அந்த வசனம் காதில் கேட்கிறது, என் குரலில், என் கெட்டித்தனத்தோடு.

"சரி. நிலம் இருபத்தேழு டிகிரிக்கு மேல போகாமல் பூட்டி வைச்சிருக்கிறன். அது காணும். மேல ஒரு கம்பளமும் விரிக்கவேண்டாம் அண்ணை. சூடு வெளிய போகேலாமல் அதுக்குள்ளயே நிண்டு கொதிக்கும்."

"எனக்கே பாடம் எடுக்கிறியோ?"

நூறு வீடுகளில் நானே சொன்ன பாடம் அது. வெள்ளைக்காரிகளிடம் விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருக்கிறேன்.

டைல் இறுகுவதற்கு இரண்டு கிழமை விட்டு, மே மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை சூட்டைப் போட்டோம். ஒரு மணித்தியாலம் கழித்து மாகிரட்டைக் கூப்பிட்டேன். காலுறையைக் கழற்றச் சொன்னேன். வெறுங்காலோடு வந்து மூலையில் நின்றாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கல்யாணத்தன்று தாலி கட்டும்போதுகூட அப்படிப் பார்த்ததில்லை.

"எப்பிடி?"

"வீடு நல்லாச் சூடாயிருக்கு. முகத்தில தெரியுது."

"கால்?"

கொஞ்சம் யோசித்தாள். "கால் குளிருது."

பெட்டி இருபத்தேழு காட்டியது. குனிந்து கையை வைத்தேன். என் உள்ளங்கை சீமெந்தில் ஊறிக் காய்ந்து தடித்தது. அடுப்பில் இருக்கும் சட்டியைத் துணி இல்லாமல் இறக்குவேன், அதற்கு மாகிரட் ஏசுவாள். அந்தக் கைக்கு நிலம் சூடு போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. நான் அந்தக் கையை நம்பவில்லை. அவள் காலை நம்பினேன்.

பூட்டைத் திறக்கும் இலக்கம் எனக்குத் தெரியும். கெல்வின் எல்லா வீட்டிலும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்குதான் போடுவான். முப்பதாக்கினேன். அடுத்த நாள் கேட்டேன், குளிருது என்றாள். முப்பத்து மூன்று. முப்பத்தாறு. வேலையால் வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கேட்பேன். அவள் காலை வைத்துப் பார்த்து, குற்றம் செய்தவள் மாதிரித் தலையை ஆட்டுவாள். எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை, என் வேலையின்மேல். எங்கேயோ அட்டை சரியில்லை, எங்கேயோ குளிர் ஏறுகிறது என்று ஒரு சனிக்கிழமை முழுவதும் டோர்ச்சோடு வீட்டுக்குக் கீழே ஊர்ந்து திரிந்தேன்.

நாற்பதுக்கு மேல் அந்தப் பெட்டி போகாது. நாற்பதில் வைத்தேன்.

அன்று மாலை அவள் காலை வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஓம். இப்ப நல்லா இருக்கு."

நான் அவளைக் கட்டிப்பிடித்தேன். ஐம்பத்தெட்டு வயதில், சீமெந்துச் சட்டையோடு. "விடுங்கோ, என்ன விளையாட்டு" என்று தள்ளிவிட்டாள். அப்படிச் சந்தோசப்பட்ட நாள் எனக்குச் சமீபத்தில் இல்லை.

நவநாள் தொடங்கியது. செபமாலை, பிரார்த்தனை, மாதா பாட்டு, எல்லாமாக ஒன்றரை மணித்தியாலம். மாகிரட் மூலைக்குப் போய், சோபாவின் கையைப் பிடித்து மெல்ல மெல்ல இறங்குவாள். முழங்கால் எலும்பு நோகும் என்று ஒரு போர்வையை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் இருப்பாள். கால்களைப் பக்கவாட்டில் மடித்துப் போர்வைக்குக் கீழே செருகிக்கொள்வாள். மடியிலிருந்து நிலம் வரைக்கும் இன்னொரு போர்வை. எங்கள் ஊர்ப் பெண்கள் கோயில் மணலில் இருக்கிற அதே மாதிரி.

நான் பின்னால் சோபாவில் இருந்து செபத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். போர்வை என் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. கம்பளம் என்றால் பாய்ந்திருப்பேன். செபம் சொல்ல விரித்த போர்வை எனக்குக் கம்பளமாகத் தெரியவில்லை. சூடு பார்க்கும் உணரியை நான் தள்ளி, கதவுப் பக்கமாகப் பதித்திருந்தேன். அதற்கு மூலையில் என்ன நடக்கிறது என்று தெரியாது. அது பாட்டுக்கு நாற்பது என்று காட்டிக்கொண்டிருந்தது.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசைக்குப் போய் வந்தோம். மாகிரட் குசினியில் மத்தியானச் சமையல். நான் ஹாலுக்குள் வந்தபோது டைலில் ஈரம் தெரிந்தது. ஒரு காலடி. கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

முதலில் வந்தது எரிச்சல். எங்கேயோ தண்ணீர் ஒழுகுகிறது, குசினிக் குழாயாக இருக்கும், தண்ணீர் டைலுக்குக் கீழே போனால் இவ்வளவு வேலையும் நாசம். முழங்காலில் இருந்து பார்த்தேன். தண்ணீர் என்றால் இந்தச் சூட்டுக்கு இதற்குள் காய்ந்திருக்கும். இது காய்ந்த இடத்தில் மஞ்சளாக ஓரம் கட்டியிருந்தது. விரலில் ஒட்டியது. டைல் பசை இளகுகிறதோ என்று நினைத்தேன். பதினெட்டு வருட அனுபவசாலி, பசைக்கு என்ன நடந்தது என்று மணந்து பார்த்தேன். பசை மணம் இல்லை.

எல்லாம் வலது காலடி. இடது காலடி ஒன்றுகூட இல்லை.

அந்த அடிகளின் பின்னால் முழங்காலிலேயே போனேன். ஹாலைக் கடந்து, குசினி வாசலைக் கடந்து, அடுப்புக்கு முன்னால் போய் முடிந்தன. மாகிரட் பருப்பைக் கிளறிக்கொண்டு நின்றாள். பூசைக்குப் போட்டுப் போன சாம்பல் நிறக் காலுறை, வலது காலில் அடிப்பக்கம் முழுக்கக் கறுத்து நனைந்திருந்தது.

"மாகிரட், உம்மடை காலைக் காட்டும்."

"ஏன்? என்ன நிலத்தில தேடுறியள்?"

கதிரையில் இருத்திக் காலுறையை இழுத்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். காலுறையோடு தோலும் வந்தது. குதிக்காலிலும் சின்ன விரல் பக்கத்திலும் பெரிய கொப்புளங்கள் உடைந்து, உள்ளே வெள்ளையாக இருந்தது. இரத்தம்கூட இல்லை. இடது காலிலும் ஒரு கொப்புளம், அது இன்னும் உடையவில்லை.

"நோகேல்லையோ?" என்று கத்தினேன். "மாகிரட், இது நோகேல்லையோ?"

அவள் குனிந்து பார்த்தாள். வேறு யாருடையதோ காலைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள்.

"இல்லையே" என்றாள். "குளிருது."

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் பெண் ஒருத்தி, எப்படி நடந்தது என்று கேட்டாள். சொன்னேன். எத்தனை டிகிரி என்று கேட்டாள். நாற்பது என்றேன். போர்வைக்குக் கீழே அது ஐம்பதுக்கும் கிட்டப் போயிருக்கும் என்று சொல்லவேண்டிய ஆளும் நான்தான், அதையும் சொன்னேன். அவள் என்னை ஏசவில்லை. எழுதிக்கொண்டாள். பிறகு, சீனி வருத்தத்தில் நரம்பு செத்துப்போகும்போது கால் குளிர்வதுபோல இருக்கும், உண்மையில் கால் குளிர்ந்திருக்காது, அந்தக் குளிரை எந்த ஹீட்டராலும் போக்கமுடியாது என்று நிதானமாக விளக்கினாள். ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அன்று வீட்டுக்கு அவளுடைய உடுப்பு எடுக்க வந்தேன். குளிர்சாதனப் பெட்டியின் கதவில், கோயில் அறிவித்தலுக்கும் கரண்ட் பில்லுக்கும் நடுவில், ஒரு கடிதம் காந்தத்தில் தொங்கியது. மார்ச் மாதம் மாகிரட் காலைப் பரிசோதிக்கப் போன இடத்திலிருந்து வந்தது. காந்தத்தை வைத்தவன் நான்தான். வாசிக்கவில்லை. இரண்டு பாதத்திலும் உணர்வு மிகக் குறைவு, வெந்நீர்ப் பை வைக்கவேண்டாம், ஹீட்டருக்குப் பக்கத்தில் கால் நீட்டவேண்டாம் என்று எழுதியிருந்தது. மூன்று மாதமாக அதற்கு முன்னால் நின்று தேத்தண்ணி குடித்திருக்கிறேன்.

இதைக் கொண்டுபோய் மாகிரட்டிடம் கேட்டேன். சண்டை பிடிக்கிற மாதிரித்தான் கேட்டேன். வேறு விதமாகக் கேட்க எனக்கு அப்போது தெரியவில்லை.

"கண்ணை மூடச் சொல்லிப்போட்டு நூல் ஒண்டால தொட்டவை" என்றாள். "தெரியுதோ தெரியுதோ எண்டு கேட்டவை. எனக்கு ஒண்டும் தெரியேல்ல. வீட்டை வந்து சொன்னால் வேலைக்குப் போகாதை எண்டு நிப்பியள். அதுதான் சொல்லேல்ல."

"அப்ப நாற்பதில வைக்கேக்க நல்லா இருக்கெண்டு ஏன் சொன்னீர்?"

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எனக்கு ஒரு நாளும் சூடு தெரியேல்ல. நீங்கள் ஒவ்வொரு நாளும் வந்து என்ரை முகத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டியள். வீட்டுக்குக் கீழ எல்லாம் பூந்து திரிஞ்சியள். பாவமாக் கிடந்தது."

ஜூலை இரண்டாம் தேதி, திருவிழாவன்று, இரண்டு விரல் எடுத்தார்கள். பிறகு மற்ற விரல்கள். கிருமி குதிக்கால் எலும்புக்குள் போய்விட்டது. ஆகஸ்ட் பதினோராம் தேதி வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கையெழுத்து அவள் போட்டாள். பேனையைப் பிடித்துக் கொடுத்தவன் நான்.

கெல்வின் அந்தக் கிழமை வீட்டுக்கு வந்தான். நேரே சுவரில் இருக்கும் பெட்டிக்குப் போனான். பார்த்தான்.

"ஆர் மாத்தினது?"

"நான்."

"அண்ணை, நான் கேட்டனான் எல்லே."

"கேட்டனி."

பெட்டிக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு வெகு நேரம் நின்றான். அவன் தோள் குலுங்கியது. சண்டை பிடிப்பான் என்று நினைத்திருந்தேன், பிடித்திருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். போகும்போது நிலத்துக்குக் கரண்ட் போகும் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனான்.

செப்டம்பரில் மாகிரட்டைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தேன். வாசலில் பலகையால் சாய்தளம் அடித்திருந்தேன். அதன் முதல் நாள் வேன் பின்பக்கத்திலிருந்து பெரிய சுத்தியலையும் உளியையும் எடுத்துவந்து ஹாலில் வைத்திருந்தேன். இந்த நிலத்தை உடைத்து அள்ளி வெளியே கொட்டவேண்டும், அவள் வந்து பார்ப்பதற்கு முன்னால் கொட்டவேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆஸ்பத்திரியில் அவளைச் சொன்னதற்கு இரண்டு நாள் முந்தியே விட்டுவிட்டார்கள்.

சுத்தியலைப் பார்த்தாள்.

"உடைக்கவோ போறியள்?"

"ஓம்."

"உடைக்கவேண்டாம். ஒருக்காப் போடுங்கோ."

"என்னத்தை?"

"நிலத்தை. பார்ப்பம்."

முடியாது என்றேன். கெஞ்சினேன். அவள் மூலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் கெல்வின் அணைத்த சுவிட்சைப் போட்டு, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு அழுத்தி, நாற்பதை இருபத்தேழுக்கு இறக்கினேன். இலக்கத்தை இரண்டு தரம் பிழையாக அழுத்தினேன். நிலம் சூடாக ஒரு மணித்தியாலம் காத்திருந்தோம். வெளியே மழை பெய்தது.

பிறகு இறக்கிவிடச் சொன்னாள். தூக்கி இறக்கினேன். முன்பெல்லாம் சோபாவின் கையைப் பிடித்துத்தான் இறங்குவாள், எழும்பும்போதும் அதைப் பிடித்துத்தான் எழும்புவாள். இப்போது ஒரு காலோடு சரியாமல் இருக்க, இரண்டு கையையும் நிலத்தில் ஊன்றவேண்டியிருந்தது.

ஊன்றியவள் அப்படியே இருந்துவிட்டாள். ஒரு கையை எடுத்துப் பார்த்தாள், திரும்ப வைத்தாள். உள்ளங்கையை விரித்து, சாம்பல் டைலின்மேல் மெல்லத் தடவினாள்.

"நல்ல சூடு" என்றாள்.

நான் திரும்பிச் சுவரில் இருந்த பெட்டியைப் பார்த்தேன்.

"எவ்வளவில வைச்சிருக்கிறியள்?"

"இருபத்தேழு."

"முதல் நாள் வைச்சதோ?"

"ஓம். முதல் நாள் வைச்சது."

தலையை ஆட்டினாள். கையை எடுக்கவில்லை. அவளுடைய கை, நாள் முழுக்க ஈரத் துணி மடித்தாலும் மென்மையான கை. ஊசி முனை பட்டாலும் அதற்குத் தெரியும்.

"இஞ்சேருங்கோ" என்றாள். கோபம் ஒரு சொட்டும் இல்லை. உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்கிற குரல். "அண்டைக்கு ஏன் நாங்கள் என்ரை கையை வைச்சுப் பார்க்கேல்ல?"

மூலையில் மாதா நின்றாள். சுத்தியல் சுவரோடு கிடந்தது. நான் அவள் பக்கத்தில் நிலத்தில் இருந்து, அவள் கைக்குப் பக்கத்தில் என் கையை வைத்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.